அளவறிந்த நீராடல்

விடுமுறை நாட்கள் வந்துவிட்டால் ஆறும் அருவியும் வெந்நீர் ஊற்றும் நம்மை அழைக்கின்றன. நீராடி மகிழ்வது மாந்தர்க்கு இயல்பான இன்பம். அவ்வின்பத்திற்கு எல்லை உண்டா என்னும் வினாவோ மிகப் பழமையானது. பாலி மொழியிலுள்ள விநய பிடகம் இதுபற்றி இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுகின்றது.

முதலாவது, கோசல நாட்டுச் சாவத்தி நகரில் நிகழ்ந்தது. இன்று ராப்தி எனப்படும் அசிரவதி ஆற்றில் இளந்துறவியர் சிலர் நீர் விளையாடினர். மாடத்திலிருந்து இதனைக் கண்ட பசேநதி மன்னன் அரசி மல்லிகைக்கும் காட்டினான். பின்னர், தான் கோள் சொல்லாமலே புத்தர் இதனை அறிய வேண்டுமென எண்ணி, பெரிய வெல்லக்கட்டி ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து அவரிடம் சேர்ப்பிக்கச் சொன்னான். மன்னனை எங்குக் கண்டீர் என்று புத்தர் வினவ, செய்தி வெளிப்பட்டது. துறவியர் நீர் விளையாடலாகாது என்னும் விதி பிறந்தது.

இரண்டாவது, மகதத் தலைநகரான இராசகிருகத்தில் நிகழ்ந்தது. பீகாரில் இன்று ராஜ்கிர் எனப்படும் அவ்வூரில், வைபார மலையடியில், தபோதம் என்னும் வெந்நீர்த் துறை இருந்தது. தலை முழுக வந்த பிம்பிசார மன்னன், துறவியர் குளிப்பதைக் கண்டு ஒதுங்கி நின்றான். அவர்களோ இருட்டும்வரை கரையேறவில்லை. மன்னன் நீராடித் திரும்புமுன் கோட்டைக் கதவு அடைபட்டது. நாடாள்வோன் இரவை நகர்ப்புறத்தே கழித்தான். அரைத் திங்களுக்கு ஒருமுறையே நீராடுக எனப் புத்தர் விதித்தார். ஆயினும் வெயில், நோய், உழைப்பு, வழிநடை, புழுதிக்காற்று ஆகியவற்றை முன்னிட்டு அவ்விதியை அவரே தளர்த்தினார். நீரை அவர் வெறுக்கவில்லை. காத்து நிற்பவரை மறந்த மகிழ்ச்சியையே கடிந்தார்.

ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இவ்வூற்றுகளைப் பற்றி எழுதியுள்ளார். பதினான்காம் நூற்றாண்டில் இங்குத் தவமிருந்த சூஃபி ஞானி மக்தூம் ஷரபுத்தீனின் பெயரால் ஓர் ஊற்று இன்றும் வழங்குகின்றது. இந்துக்கள் பிரம்ம குண்டத்தில் நீராடுகின்றனர்.

இவ்வெப்பத்திற்கு எரிமலை காரணமன்று. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற்கு இறங்கி, நிலத்தின் உட்சூட்டால் கொதிப்பேறி, மீண்டும் மேலே வருகின்றது. ஆகவே காடு அழிந்தாலும், சுற்றிலும் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தாலும் ஊற்று மெலியும்.

அன்று துறைக்கரையில் ஒரு மன்னன் காத்து நின்றான். இன்று காத்து நிற்பவர் நமக்குப் பின்வரும் தலைமுறையினர். நாம் நீராடி மகிழ்வோம். அவர்க்கும் இடம் விட்டுக் கரையேறுவோம்.