பாடி கட்டிய விமானம்

திருநின்றவூர்க்காரர்களுக்கு மனசுக்குள்ளேயே ஒன்றைக் கட்டி முடிப்பது புதிதல்ல. ஊரின் பெருமையே அதுதான். கையில் காசில்லாத பூசலார் நாயனார் கல், மரம், சுண்ணாம்பு, தச்சர் என்று எல்லாவற்றையும் நெஞ்சுக்குள் சேர்த்து, கோயில் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் நிஜக் கற்கோயிலுக்கு அதே நாளைக் குறித்திருந்த பல்லவ மன்னன் தன் விழாவைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று என்கிறது பெரியபுராணம். சொந்தமாக ஒரு குட்டி விமானம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் பூசலார் வழியில்தான் தொடங்குகிறார்கள். இறக்கை, வால், இன்ஜின் என்று ராத்திரி தூக்கம் வராமல் அடுக்கிப் பார்ப்பார்கள். விடிந்ததும் மூன்று கேள்விகள் முன்னால் நிற்கும். பாகங்களாக வரும் கிட் வரவழைத்துக் கட்டுவதா, பறக்கிற நிலையில் இருப்பதை வாங்குவதா, கண்டமாகிக் கிடப்பதை எடுத்து உயிர் கொடுப்பதா?

இந்த மூன்று கேள்விகளும் சென்னைக்கு நூறு வருஷத்துக்கு மேல் பழக்கம்.

1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பறந்தார். அந்தச் செய்தியில் கிறங்கியவர்களில் ஒருவர் மவுண்ட் ரோட்டில் பெரிய ஓட்டல் நடத்திய ஜாக்கோமோ டாஞ்செலிஸ். ஐரோப்பாவிலிருந்து ஒன்றை வாங்கிக் கப்பலில் வரவழைத்திருக்கலாம். அவர் தானே வரைபடம் போட்டு, அதை சிம்ப்சன் கம்பெனியிடம் கொடுத்தார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் சோதனை நடந்தது. பிறகு ஊர் மக்களுக்கு டிக்கெட் போட்டுக் காட்டினார். ஓட்டல்காரர் அல்லவா, செலவைத் தேற்றும் வழியும் கையோடு இருந்தது.

சிம்ப்சனைத் தேர்ந்ததில்தான் அவருடைய சாமர்த்தியம் தெரிகிறது. 1840இல் தொடங்கிய அந்த நிறுவனம் அன்றைக்குக் கோச்சு வண்டிகளுக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் பாடி கட்டியது. சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கியதும் அங்கேதான். அன்றைய விமானம் என்பது வளைத்த மரம், இழுத்துக் கட்டிய துணி, முறுக்கிய கம்பி. இந்த மூன்றிலும் கைதேர்ந்த தச்சர்களும் தையற்காரர்களும் கொல்லர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் இன்றும் நடக்கிற வேலைதான், எடையை மட்டும் இரக்கமில்லாமல் குறைக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு காட்சி. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத் கண்காட்சியிலிருந்து ஆன்ரி பெக்கே ஆயிரக்கணக்கான கடிதங்களுடன் யமுனையைத் தாண்டி நைனிக்குப் பறந்தார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. அந்த விமானம் பாகம் பாகமாகக் கப்பலில் வந்து, அங்கே பூட்டப்பட்டது. அலகாபாத் வாங்கியது, மெட்ராஸ் கட்டியது. சரித்திரப் புத்தகங்களில் வாங்கியவர்களுக்கே முதல் வரி.

டாஞ்செலிஸுக்கு இன்னொரு கொடுப்பினையும் இருந்தது. அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் சட்டமே இல்லை. இந்திய வான்கப்பல் சட்டம் 1911இல்தான் வந்தது.

அடுத்து வந்தது வாங்கிய காலம். 1930ஐ ஒட்டி மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் பிறந்தது. இந்தியாவின் மற்ற கிளப்புகளைப் போலவே டி ஹாவிலாண்ட் மாத் ரக விமானங்களில்தான் பழகியது. இறக்கையை மடித்துக் கொட்டகைக்குள் தள்ளிவிடலாம் என்பது மாத்தின் பெரிய வசதி.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் காற்று மாறியது. ராணுவம் கழித்துக் கட்டிய விமானங்கள் காயலான் கடைச் சரக்கு மாதிரி மலிந்தன. லண்டன் குராய்டனில் பறக்கக் கற்ற அழகப்பச் செட்டியார் அப்படிப்பட்ட டக்கோட்டாக்களை வாங்கி ஜூபிடர் ஏர்வேஸ் நடத்தினார். பழசைத் தட்டி எடுப்பதில் உச்சம் கான்பூரில் நடந்தது. பிரிட்டிஷார் விட்டுப்போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள், இனி பறக்கவே கூடாது என்று கருவிகளை உடைத்தும் இன்ஜினுக்குள் மணல் கொட்டியும் பாழாக்கப்பட்டவை என்று விமானப் படை வரலாறு சொல்கிறது. பெங்களூர் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லின் ஆட்கள் போய் ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்திப் பறக்கிற அளவுக்குத் தேற்ற, ஜம்ஷெட் முன்ஷி என்ற விமானி அவற்றை ஒவ்வொன்றாக பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். 1968 வரை அவை விமானப் படையில் இருந்தன.

குட்டி விமானத்தில் இதே வேலை நுணுக்கம் கூடியது. எச்.ஏ.எல். 1958இல் பறக்கவிட்ட புஷ்பக், இரண்டு பேர் உட்காரும் உயர்ந்த இறக்கை விமானம். சுமார் 160 கட்டப்பட்டு நாடு முழுக்க ஃபிளையிங் கிளப்புகளுக்குப் போயின. இந்த மாதிரித் துணி போர்த்திய பழைய விமானத்தை எடுக்க நினைப்பவர் முதலில் துணியைத்தான் பார்ப்பார். துணியை இறுக்கிப் பிடிக்கும் டோப் பூச்சில் விரிசல் உண்டா, விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்கிறதா, விலா எலும்புகளோடு சேர்த்துத் தைத்த நூல் இற்றுப்போயிருக்கிறதா என்று. பிறகு டார்ச் அடித்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் தண்ணீர் தேங்கக்கூடிய அடிப்பாகத்தில் துரு தேடுவார். மர இறக்கை என்றால் பசை விட்டிருக்கிறதா என்பது தனி விசாரணை. பாலின் கேசீனில் செய்த பழைய பசைக்குச் சென்னை ஈரக்காற்று ஜன்ம விரோதி. இத்தனையும் தேறினாலும் லாக் புத்தகம் காணாமல் போயிருந்தால் அது காட்சிப் பொருள்தான். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் வைத்திருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்கள் அப்துல் கலாமை விமானப் பொறியியல் படிப்பின் பக்கம் இழுத்தன. காட்சிப் பொருளுக்கும் அந்த வேலை உண்டு.

கிட் என்பது இப்போதைய மோகம். அமெரிக்காவில் பாதிக்கு மேல் வேலையைச் சொந்தமாகச் செய்தால் அமெச்சூர் விமானமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அங்கே அதிகம் விற்பவை வேன்ஸ் கம்பெனியின் ஆர்.வி. வரிசை. ஆர்.வி.-7இன் இறக்கை முனைக்கு முனை 25 அடி. இறக்கைகளைத் தனியாகச் செய்து நிறுத்திவைக்கலாம் என்பதால், 30க்கு 40 மனையில் கார் நிற்கிற இடத்திலேயே வேலையைத் தொடங்கிவிடலாம். ஆனால் கிட்டும் கவலையில்லாத வழியல்ல. லேசரில் வெட்டிய பாகங்களின் ஓட்டைகளில் விரிசல் விடுகிறது என்ற புகாரும் பணத் தட்டுப்பாடும் சேர்ந்து, 2023 டிசம்பரில் வேன்ஸ் திவால் பாதுகாப்பு கோரியது. முன்பணம் கட்டியவர்கள் கூடுதல் விலை கொடுத்து மீதியை வாங்க வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் குடியேறிய ஆலப்புழைப் பொறியாளர் ஒருவர் இந்த மூன்று வழியையும் எடைபோட்டவர். குடும்பத்தோடு பறக்க நாலு இருக்கை வேண்டும். வாடகைக்கோ விலைக்கோ கிடைத்ததெல்லாம் அரதப் பழசு. தென்னாப்பிரிக்க ஸ்லிங் கிட்டை வாங்கி, கொரோனா ஊரடங்கில் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் பூட்டத் தொடங்கினார். ஆன செலவு சுமார் 1,40,000 பவுண்டு. கட்டி மலிவாக்கினார் என்று சொல்ல முடியாது. புதுசாகக் கிடைத்தது, அவ்வளவுதான். பறப்பதுதான் ஆசை என்றால் வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம். ரிவெட் அடிப்பதிலேயே சுகம் காண்கிறவருக்குத்தான் கிட்.

இந்தியாவில் கட்டியவர்களின் கதை வேறு தினுசு. தொடுபுழைக்காரரான சஜி தாமஸுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. அவர் உருவாக்கிய குட்டி விமானம் 2014இல் திருநெல்வேலிப் பக்கம் மணிமுத்தாற்றில் பறந்தது. ஓட்டியவர் ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர். மும்பை கண்டிவலியில் விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை விமானம் கட்டி, கிரேன் வைத்து இறக்கினார். 2011இல் பதிவுக்கு முயன்றார். பதிவு கிடைத்தது 2017 நவம்பரில், பறக்க அனுமதி 2019 அக்டோபரில்.

திருநின்றவூரிலிருந்து அரக்கோணம் லைனில் சென்ட்ரல் பக்கம் ரயில் ஏறினால் வரிசையாகக் கைத்திறன்தான். ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, அங்குள்ள சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம் தபஸ் ஆளில்லா விமானத்துக்கு மடங்கும் சக்கரத் தொகுதி செய்து கொடுத்தது. 1964இல் வந்த அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டவும் அலுமினியம் வளைக்கவும் பட்டறைக்குப் பஞ்சமில்லை. குறை வேறு இடத்தில். உலக யுத்தத்தின்போது போட்ட சோழவரம் ஓடுதளம் பிற்பாடு கார், பைக் பந்தயத்துக்குப் போனது. மீனம்பாக்கத்தில் ஜெட் விமானங்களுக்கே வரிசை. கட்டி முடித்தாலும் எங்கே ஓட்டி எழுப்புவது?

அதைவிடப் பெரிய கேள்வி காகிதம். டாஞ்செலிஸ் பறந்த மறுவருஷமே ஒரு சட்டம், பிறகு 1934இல் விமானச் சட்டம், 1937இல் விதிகள். தொண்ணூறு ஆண்டு ஆண்ட அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் நடப்பில் இருக்கிறது. வடிவமைப்பு, தயாரிப்பு, பராமரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். ஆக, இந்தப் பக்கத்தில் யாராவது கிட்டுக்கு முன்பணம் கட்டுவதாக இருந்தால், பெட்டி துறைமுகத்தில் இறங்குவதற்கு முன்பே டெல்லியில் ஃபைல் நகரத் தொடங்கியிருக்க வேண்டும்.