ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்

சுசீந்திரத்தில் ஒரு வீட்டில் நர்ஸ் படித்த பெண் இருந்தால் அந்தத் தெரு முழுக்க பி.பி. பார்ப்பது இலவசம். என் சித்தி மகள் 2013ல் பி.எஸ்சி. நர்சிங் முடித்து வந்தபோது அப்படித்தான் நடந்தது. காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வரும் தாத்தாக்கள் திண்ணையில் உட்கார்ந்து கையை நீட்டுவார்கள். பட்டையைச் சுற்றிக் காற்றடித்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "சோலி கெடச்சாச்சா மக்ளே?"

கிடைக்கவில்லை. பட்டம் இருந்தது, சென்னை மயிலாப்பூருக்குப் போய் வாங்கிய நர்சிங் கவுன்சில் பதிவு இருந்தது, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இருந்தது. போகிற இடத்திலெல்லாம் முதல் கேள்வி, எக்ஸ்பீரியன்ஸ் உண்டா? வளைகுடாவுக்கு ஆள் எடுப்பவர்கள் ரெண்டு வருஷம் கேட்டார்கள். பெரிய ஊர்களின் பெரிய ஆஸ்பத்திரிகளும் அதையே கேட்டன. அந்த ரெண்டு வருஷத்தைக் கொடுக்கத் தயாராக இருந்தது பக்கத்திலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி மட்டும்தான். மாசம் 6,000 ரூபாய், ஆறு மாசத்துக்கு 'ட்ரெயினி' என்ற பெயர், ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். சித்தப்பா வாங்கியிருந்த கல்விக்கடனின் மாதத் தவணை அதைவிட அதிகம்.

நான் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தேன். எனக்கும் ஒன்றும் தெரியாமல்தான் எடுத்தார்கள். மூன்று மாதம் உட்காரவைத்து ஜாவா சொல்லிக்கொடுத்து அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். நானும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன், ஆனால் சர்டிபிகேட்டை யாரும் வாங்கிவைக்கவில்லை. என் வேலையில் தப்பு வந்தால் ஒரு பக்கம் லோடு ஆகாது, அவ்வளவுதான். அவள் நாலு வருஷம் வார்டில் நின்று படித்தவள். அவளிடம் உனக்கு அனுபவம் இல்லை என்கிறார்கள். இது எங்கேயோ இடிக்கிறதே என்றுதான் பழைய கதைகளைத் தேட ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம் நெய்யூர்தான். லண்டன் மிஷனரி சொசைட்டியின் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838ல் அங்கே மருத்துவ வேலையைத் தொடங்கினார். 1890களில் சால்வேஷன் ஆர்மிக்காரர் ஹாரி ஆண்ட்ரூஸ் நாகர்கோவிலில் சின்னதாக ஒரு மருந்து கொடுக்கும் இடம் வைத்தார். (இவர் பிற்பாடு டாக்டராகி, 1919ல் வஜீரிஸ்தானில் காயம்பட்டவர்களைக் காப்பாற்றப் போய் இறந்து, விக்டோரியா கிராஸ் பெற்றவர். தனிக் கட்டுரைக்குரிய ஆள்.) 1900ல் டாக்டர் பெர்சி டர்னர் வந்தபின் அது கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1920களில் எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல், மலையிலிருந்து நேராக நெய்யூர் ஆபரேஷன் மேஜைக்கு வந்ததுபோல வந்து வருஷக்கணக்கில் இருந்தார். டாக்டர்கள் பெயரெல்லாம் இப்படிக் கிடைக்கிறது. நர்ஸ்கள் பெயர் தேடினால் கிடைப்பது கடினம்.

அவர்கள் எங்கிருந்து வந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமில்லை. நர்ஸ் வேலை பிறத்தியார் உடம்பைத் தொடும் வேலை. சுசீந்திரத்தில் 1926ல் டாக்டர் எம்.இ. நாயுடு முதலானவர்கள் சத்தியாக்கிரகம் நடத்தியது கோயிலுக்குள் போவதற்குக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதிக்காரர்களும் நடப்பதற்கு. கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் வரை, திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. தெருவில் நடந்தாலே தீட்டு என்று சொன்ன ஊரில், யாரென்று தெரியாதவன் புண்ணைத் துடைக்கும் வேலைக்கு எந்தப் பெரிய வீடு மகளை அனுப்பும்? மிஷன் வழியாகப் படித்த குடும்பங்களின் பெண்கள் போனார்கள். அவர்களில் பலருடைய பாட்டிகள் தோள்சீலைப் போராட்டத்தைக் கண்டவர்கள். மேலாடை அணியும் உரிமைக்கு 1859ல்தான் அரசு அறிவிப்பு வந்தது. அடுத்த ரெண்டு தலைமுறையில் கஞ்சி போட்ட வெள்ளை யூனிஃபார்ம். அந்த உடுப்புக்கு எங்கள் மாவட்டத்தில் இருக்கும் கனம் வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியுமா தெரியவில்லை.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871ல் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909ல் நர்சிங் பள்ளி தொடங்கினார். இந்தப் பழைய பள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இயங்கின. பள்ளி என்று தனியாக எதுவும் கிடையாது, ஆஸ்பத்திரிதான் பள்ளி. சேர்ந்த சில மாதங்களில் மாணவி வார்டுக்குப் போய்விடுவாள். இரவு ஷிப்ட் பார்ப்பாள், படுக்கை விரிப்பாள், பெட்பேன் எடுப்பாள், இடையில் வகுப்பும் உண்டு. சாப்பாடு, தங்குமிடம், கையில் கொஞ்சம் உதவித்தொகை. மூன்று வருஷம் முடிந்தால் அதே ஆஸ்பத்திரியோ அதே மிஷனின் கிளை ஆஸ்பத்திரியோ எடுத்துக்கொள்ளும். 'முதல் வேலை' என்று தேடிப்போக எதுவும் இல்லை, ஏனென்றால் அவள் முதல் வருஷமே வேலை பார்க்கத் தொடங்கியவள்.

இதை அந்தக் கால அருமை என்று சொல்ல மாட்டேன். மாணவிகளின் உழைப்பு மலிவு, ஆஸ்பத்திரிகள் அதன்மேல்தான் நின்றன. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று அமெரிக்கா முன்பே காட்டியிருந்தது. 1920களில் அங்கே ஆஸ்பத்திரிகள் வார்டுகளை மாணவிகளை வைத்தே ஓட்டின. தேர்ச்சி பெற்றவளுக்குச் சம்பளம் கொடுப்பதைவிடப் புதிதாக ஒரு மாணவியைச் சேர்ப்பது லாபம். படித்து முடித்தவர்கள் வீடுவீடாகப் போய்த் தனி நோயாளிகளைப் பார்த்துப் பிழைக்க வேண்டியிருந்தது. 1928ல் மே ஏயர்ஸ் பர்ஜெஸ் தயாரித்த அறிக்கை, தேவைக்கு மேல் நர்ஸ்களை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறோம் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. அடுத்த வருஷம் பொருளாதார வீழ்ச்சி வந்ததும் வீடுகளிலும் கூப்பிட ஆளில்லை.

நம்மூரில் அப்போது நேரெதிர் நிலைமை. 1946ல் வந்த போர் கமிட்டி அறிக்கை இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் இருப்பதாகக் கணக்கிட்டது. 500 பேருக்கு ஒருவர் என்ற இலக்கைக் கால் நூற்றாண்டில் எட்ட வேண்டும் என்றது. அதே 1946ல் வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். எங்கும் பற்றாக்குறை என்றே பேச்சு. படித்தவளுக்கு வேலை இல்லாமல் போகும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

பற்றாக்குறை என்ற அந்தச் சொல்தான் பிறகு கல்லூரிகள் தொடங்குவதற்கான விளம்பர வாசகமாக ஆனது. 2000க்கு முன்னும் பின்னும், எஞ்சினியரிங் கல்லூரிகள் முளைத்த அதே வேகத்தில், சில இடங்களில் அதே காம்பவுண்டிலேயே, தனியார் நர்சிங் கல்லூரிகள் முளைத்தன. வளைகுடா, அயர்லாந்து, லண்டன் என்று நோட்டீஸ். இங்கேதான் பழைய ஏற்பாடு தலைகீழானது. முன்பு ஆஸ்பத்திரி உதவித்தொகை கொடுத்துக் கற்றுக்கொடுத்தது, இப்போது குடும்பம் ஃபீஸ் கட்டிப் படிக்கவைக்கிறது. ஆனால் வார்டை மலிவாக ஓட்ட வேண்டும் என்ற ஆஸ்பத்திரியின் தேவை அப்படியே இருந்தது. மாணவி செய்துகொண்டிருந்த வேலைக்கு இப்போது படித்து முடித்த 'ஃப்ரெஷர்' கிடைத்தாள். அவளுக்கு அந்த ரெண்டு வருஷச் சான்று வேண்டும். அது இல்லாமல் வெளிநாடு இல்லை. ஆக ஆஸ்பத்திரி கொடுக்கும் சம்பளத்தின் முக்கியப் பகுதி ரூபாயே அல்ல, கடைசி நாளில் லெட்டர்ஹெட்டில் தரப்போகும் ஒரு காகிதம். சர்டிபிகேட்டை வாங்கிவைத்துக்கொள்வதற்கும் அதுதான் காரணம். ரெண்டு வருஷம் முடிந்தால் கிளம்பிவிடுவாள் என்று இருவருக்கும் தெரியும்.

இந்த பாண்ட் முறையை 2011ல் இந்திய நர்சிங் கவுன்சில் கூடாது என்றது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் மும்பை, டெல்லி, கேரளம் என்று தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சித்தி மகள் சர்டிபிகேட்டை ஒப்படைத்தது அதற்கு ரெண்டு வருஷம் கழித்து. சுற்றறிக்கை வந்தது அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்போம்?

அரசு வேலை? தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் நர்சிங் டிப்ளமோ படித்தவர்களுக்கே அரசு ஆஸ்பத்திரி வேலை என்பது நீண்டகால நடைமுறை. பழைய மிஷன் முறையின் அரசு வடிவம் என்று சொல்லலாம். 2012ல் தனியாரில் படித்தவர்களுக்கும் கதவு திறந்தபோது அரசு நர்சிங் மாணவிகள் எதிர்த்துப் போராடினார்கள். அவர்கள் கோபமும் நியாயம்தான், காத்திருந்தவர்களின் ஏக்கமும் நியாயம்தான். 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 இடங்களுக்குத் தேர்வு வைத்தது. எங்கள் வீட்டில் அதை யு.பி.எஸ்.சி. மாதிரிப் பேசினார்கள். கிடைத்தவர்களுக்கு ஒப்பந்த வேலை, மாதம் 7,700 ரூபாய், ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சு. இங்கேயும் அதே ரெண்டு வருஷம்! நிரந்தரம் வராததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் உட்கார்ந்தார்கள். உயர்நீதிமன்றம் தடை விதித்ததும் கலைந்தார்கள். 2020ல் கோவிட் காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டார்கள். கைதட்டியதும் தட்டு தட்டியதும் ஞாபகம் இருக்கும்தானே.

எங்கள் ஊருக்கு இன்னொரு கோணல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை எங்களுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். இன்றும் பெரிய நோய் என்றால் பலர் கிளம்புவது அங்கேதான். அங்கே வேலை பார்க்க வேண்டுமானால் நர்ஸ் கேரள கவுன்சிலில் தனியாகப் பதிய வேண்டும், அதற்குச் சென்னையிலிருந்து காகிதம் வர வேண்டும். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் நர்ஸ்களின் சம்பளம் பற்றி ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. ஐம்பது படுக்கைக்குக் கீழான ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்ஸ் சங்கங்கள் விடாமல் நின்று 2018 ஏப்ரலில் அதை அரசு அறிவிக்கையாக வாங்கின. களியக்காவிளை செக்போஸ்டைத் தாண்டினால் அதே ஊசி, அதே டிரிப், வேறு சம்பளம்.

வெளிநாட்டுப் பாதையிலும் வழிப்பறி இருந்தது. 2015ல் வெளியான குவைத் மோசடியில் ஏஜென்சி வாங்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட கட்டணம் 19,500 ரூபாய், வாங்கியதோ 19.5 லட்சம். அந்த வருஷத்திலிருந்துதான் குவைத், சவுதி உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸ்கள் அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே போகலாம் என்று விதி வந்தது. அதற்கு முந்தைய வருஷம் இராக்கின் திக்ரித்தில் 46 இந்திய நர்ஸ்கள் சண்டைக்கு நடுவே சிக்கினார்கள். பெரும்பாலோர் கேரளம், ஒருவர் தூத்துக்குடி. குண்டு வெடிக்கும் இடத்திலிருந்தும் கடனை நினைத்து ஊர் திரும்பத் தயங்கியவர்கள் இருந்தார்கள். டி.வி.யில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தி, "இவளுகளுக்கு உசிரு பெருசில்லியா?" என்று கேட்டார். சித்தி மகள் பதில் சொல்லாமல் நைட் டூட்டிக்குப் பை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

அவளுக்கு ரெண்டு வருஷம் முடிய இருபத்தாறு மாதம் ஆயிற்று. ட்ரெயினி காலத்தின் கடைசி ரெண்டு மாதம் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். சர்டிபிகேட்டை வாங்கப் போன அன்று நான் லீவில் ஊரிலிருந்தேன், பைக்கில் கூட்டிப்போனேன். அலுவலகத்தில் மேஜைமேல் அவளுடையதைப் போலவே ஏழெட்டு ஃபைல்கள் இருந்தன. எல்லாம் ஒரே நீலநிறம். கிளார்க் இரண்டைத் தப்பாக எடுத்து, மூன்றாவதைப் பிரித்துப் பெயர் பார்த்துக் கொடுத்தார். அவள் அங்கேயே நின்று ஒவ்வொரு மார்க் ஷீட்டாக எண்ணினாள். இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள், ஐ.சி.யூ.வில். போன மாசம் போனில் பேசும்போது அவளுடைய வார்டுக்குப் புதிதாக வந்த தக்கலைக்காரப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். "அவ மூணு வருஷம் பாத்துட்டுத்தான் வந்திருக்கா அண்ணா. எனக்கு ரெண்டுலயே விட்டுட்டானுவ."