பழைய மோட்டாரின் நாடி

கல்கத்தாவிலும் பம்பாயிலும் டில்லியிலும் நெடுங்காலம் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களுள் அம்பாஸிடர் காரையோ பியட் காரையோ அறியாதவை அரிது. ஊரிலிருந்து வரும் உறவினரை ஹௌரா நிலையத்திலிருந்து வீட்டிற்கு அழைத்து வந்தவை அவ்வண்டிகளே. அவை ஓடிய கதையைப் பலரும் கூறுவர். நடுவழியில் அவை தயங்கி நின்றபோது அவற்றின் நோயை நம் நாட்டுத் தொழிலாளர் எவ்வாறு கண்டறிந்தனர் என்பதோ எழுதப்படாத வரலாறு. அதனைச் சிறிது காண்போம்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1942-இல் தோன்றியது. குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய அதன் தொழில் பின்னர் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவுக்கு மாறியது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி 1950-களின் பிற்பகுதியில் அங்கே பிறந்ததே அம்பாஸிடர். வால்சந்த் ஹிராசந்த் நிறுவிய பிரீமியர் கம்பெனி, பம்பாய்க் குர்லாவில் பியட் வண்டிகளைச் செய்தது. அவற்றுள் ஒன்றே 1970-களில் பத்மினி என்னும் பெயர் பெற்றது. சென்னையை அடுத்து ஸ்டாண்டர்டு கார்கள் உருவாயின.

இவ்வரலாற்றின் திருப்புமுனை 1953 ஆகும். பாகங்களை இந்நாட்டிலேயே செய்யும் திட்டம் இல்லாது, வெளிநாட்டுப் பாகங்களை இங்குக் கூட்டி மட்டும் விற்ற கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என அரசாங்கம் முடிவு செய்தது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தம் கூட்டுத் தொழிலை நிறுத்தி வெளியேறின. இறக்குமதியும் சுருங்கிற்று. புதிய கார் வேண்டுவோர் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். ஆகவே இருக்கும் வண்டியைச் சாகவிடாது காப்பது தேவையாயிற்று. கல்கத்தாவின் மல்லிக் பஜார், டில்லியின் காஷ்மீரி கேட், சென்னையின் புதுப்பேட்டை ஆகிய இடங்கள் பழம் பாகங்களுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் புகலிடமாயின. பாகத்தை எளிதில் மாற்ற இயலாத நிலையில், எப்பாகம் கெட்டது என்பதைப் பிழையின்றி அறிவதே சிக்கனமாயிற்று. நம் மெக்கானிக்குகளின் கூரிய செவிக்கு இவ்வறுமையே ஆசான்.

எஞ்சின் ஒழுங்காக ஓட மூன்று வேண்டும்: சிலிண்டருக்குள் போதிய அழுத்தம், உரிய நொடியில் தீப்பொறி, அளவான பெட்ரோலும் காற்றும். இவற்றுள் எது குறைந்தாலும் வண்டி திணறும். வெளியே தோன்றும் குறி ஒன்றாகவே இருக்கலாம். ஆதலின் தேர்ந்தவர் ஒரு வரிசையைக் கைக்கொண்டனர். முதலில் வால்வு இடைவெளியும் அழுத்தமும், அடுத்துத் தீப்பொறி, இறுதியிலேயே கார்புரேட்டர். அம்பாஸிடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் வால்வு இடைவெளி, அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் 15 பங்கு. பிளக்கின் இடைவெளி 25 பங்கு. இந்நுட்பத்தைத் தெருவோரத்துச் சிறுவனும் மெல்லிய தகட்டைச் செருகி அளந்தான்.

நோயுற்ற சிலிண்டரைக் கண்டுபிடிக்கும் வழியும் எளியது. எஞ்சின் ஓடுகையில் பிளக் கம்பிகளைக் காப்புள்ள கருவியால் ஒவ்வொன்றாக விலக்குவர். விலக்கியதும் ஓட்டம் தளர்ந்தால் அச்சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது என்பது பொருள். மாற்றமே இல்லையெனில் சோம்பேறி அதுவே. பின்பு பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பர். இளம் பழுப்பாயின் நலம். உலர்ந்த கரியாயின் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருப்பின் பெட்ரோல் குறைவு அல்லது மிகுவெப்பம். எண்ணெய்ப் பிசுக்காயின் ரிங்கின் தேய்வு. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். அழுத்தம் உயர்ந்தால் பழி ரிங்கைச் சாரும். உயராவிடில் வால்வை ஐயுறல் வேண்டும். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருங்கே தளர்ந்திருப்பின், இடையிலுள்ள காஸ்கெட் எரிந்திருக்கக் கூடும்.

இவ்வரிசையை மீறியதன் பயனை நாமும் கண்டோம். கல்கத்தாவில் நாம் வைத்திருந்த பழைய வண்டி, சூடேறியதும் விக்கி விக்கி நின்றது. ஒரு பட்டறையில் கார்புரேட்டரை மும்முறை கழற்றிப் பணமும் பெற்றனர், நோய் தீரவில்லை. பின்னர் நடைபாதையில் தொழில் செய்த முதியவர் ஒருவர் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்து, கருகியிருந்த பாயிண்டுகளைக் காட்டினார். கண்டென்சர் சூட்டில் செயலிழந்திருந்தது. சில ரூபாய்ப் பொருளை மாற்றியதும் வண்டி பழைய குரலில் பாடிற்று. நோயின் காரணம் அறியாது மருந்திடலாகாது என்ற வள்ளுவர் நெறியை அவர் படித்திருந்தாரோ இல்லையோ, பின்பற்றினார். நமக்குப் போனது சில நாளும் சிறு பணமுமே. டாக்ஸி ஓட்டுபவருக்கோ, வண்டி நின்ற நாள் வீட்டில் அடுப்பு தயங்கிய நாளாகும்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. பின்னாளில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு முறை கைக்கொண்டது. கணினியைப் பொருத்தினால் குறையின் எண்ணை அது கூறிவிடும். எனினும் எண் கூறுவது குறியையே. காரணத்தைத் தேடுபவன் இன்றும் மனிதனே. உத்தரபாராவில் அம்பாஸிடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. பம்பாயின் தெருக்களிலிருந்து கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் விடைபெற்றது. வண்டிகள் பொருட்காட்சிச் சாலைக்குச் செல்லலாம். அவற்றின் நாடி பிடித்த கைகளின் அறிவு அங்குச் செல்வதில்லை. எழுதியோ கற்பித்தோ வைத்தாலன்றி அது அக்கைகளோடே மறையும். நம் தெருமுனையில் அத்தகைய முதியவர் ஒருவர் இன்னும் இருப்பாராயின், அவர் அருகே ஒரு மணி நேரம் அமர்ந்து கேட்பது நாம் செய்யத்தக்க நற்பணியாகும்.