வெட்டிய வரிகள்

மலர்க் குழு நண்பர் ஃபோனில் ஒரே கண்டிஷன்தான் போட்டார்: "ஒரு பக்கத்துக்கு மேல போனா நாங்களே வெட்டிடுவோம்!" எனக்குச் சுருக்கென்றது. அப்போது ஜெஃபர்சனை நினைத்து ஆறுதல் அடைந்தேன்.

1776 ஜூன் மாதம். பிரிட்டனிடமிருந்து அமெரிக்கக் காலனிகளின் விடுதலையை அறிவிக்கும் பிரகடனத்தைத் தயாரிக்க ஐவர் குழு அமைந்தது. எழுதும் வேலை தாமஸ் ஜெஃபர்சன் தலையில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 33. கிட்டத்தட்ட நம்ம செட் வயசுதான்! ஃபிராங்க்ளினும் ஜான் ஆடம்ஸும் முதலில் சில திருத்தங்கள் செய்தார்கள். பிறகு காங்கிரஸ் சபையே உட்கார்ந்து அலசியது. ஏறக்குறைய கால் பங்கு காணாமல் போயிற்று.

மனுஷர் நெளிந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த ஃபிராங்க்ளின் அவருக்கு ஒரு கதை சொன்னாராம். தொப்பிக் கடை வைக்கப்போன ஒருவர் போர்டுக்கு வாசகம் எழுதினார்: 'தொப்பிக்காரர் ஜான் தாம்ஸன், தொப்பி செய்து ரொக்கத்துக்கு விற்கிறார்.' கீழே ஒரு தொப்பிப் படம். நண்பர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "தொப்பி செய்றார்னா தொப்பிக்காரர்தானே?" "யார் செஞ்சா என்ன?" "கடனுக்கு யார் விக்கிறா?" "சும்மாவா கொடுக்கப் போறே?" கடைசியில் மிஞ்சியது பெயரும் படமும் மட்டும். நம்மூர் மீன்கடை போர்டு ஜோக்குக்கு ஒன்றுவிட்ட அண்ணன்! இதை 1818-ல் ஒரு கடிதத்தில் எழுதி வைத்தவர் ஜெஃபர்சனேதான்.

இன்று பலரும் ஒப்புக்கொள்வது: வெட்டியதால் பிரகடனம் கச்சிதமாயிற்று. ஆனால் வெட்டுப்பட்டது எல்லாமே ஊளைச்சதை அல்ல. அடிமை வியாபாரத்தைக் கண்டித்த ஒரு பத்தியும் அதில் போயிற்று. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் அதை விரும்பவில்லை. எழுதிய ஜெஃபர்சனே அடிமைகளை வைத்திருந்தவர் என்பது இன்னொரு சோகம். அந்த நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிய 1865 வரை ஆயிற்று.

வேலையில் சேர்ந்த புதிதில் என் எட்டுப் பக்க ரிப்போர்ட்டை மேலதிகாரி இரண்டு பக்கமாக்கினார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் 'பம்ப் அஸ்திவாரத்தில் விரிசல் இருக்கிறது' என்ற வரியை மட்டும் முதல் பக்கத்துக்கு ஏற்றினார். "எதை வேணா எடுப்பா, இதைத் தொடாதே" என்றார். எட்டாம் பக்கத்தில் கிடந்தவரை யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அன்றிலிருந்து சிவப்புப் பேனா எடுத்தால் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இந்த வரி இல்லாமலும் புரியுமா? இதை எடுத்தால் யாருக்கு வசதி, படிக்கிறவருக்கா, மறைக்கிறவருக்கா?

குழு நண்பர்களே, இனி உங்கள் கத்திரி!