பன்றி வேட்டைக்கு நாய் பழக்கிய வரலாறு

மாத்தளைத் தோட்டங்களில் பொன்னர் சங்கர் கூத்து ஆடப்படும் இரவுகளில், உறங்கி விழும் பிள்ளைகளை மூத்தோர் தட்டி எழுப்பும் கட்டமொன்று உண்டு. கொம்பன் என்னும் காட்டுப்பன்றி களத்தில் இறங்கும் கட்டம் அது. சிறு பிராயத்தில் அடியேனும் அவ்வாறு எழுப்பப்பட்டவனே. பன்றியைக் கண்டு நடுங்கிய நினைவு மங்கிவிட்டது. பன்றியை வென்ற சின்னஞ்சிறு நாயின் பெயர் மாத்திரம் மனத்தில் நிலைத்துவிட்டது. பொன்னாச்சி என்பது அதன் பெயர்.

கதை நம்மவர் யாவரும் அறிந்ததே. வயலை உழுது பாழாக்கிய கொம்பனைக் கொல்லச் சங்கர் புறப்படுகிறான். பெரிய நாய்களெல்லாம் உடன் செல்கின்றன. இது குட்டி, இதனால் என்ன ஆகும் என்று பொன்னாச்சியை வீட்டில் விட்டுச் செல்கிறார்கள். புறக்கணித்த குறை நோயாக வந்து வேட்டையைத் தடுக்கிறது. பின்னர் உரிய மரியாதையுடன் அழைத்துச் சென்றபோது அந்தச் சிறு நாயே பன்றியைக் கடித்து நிறுத்த, சங்கரின் வேல் பாய்கிறது. பாடுவோருக்குப் பாடுவோர் இக்கதை சற்று வேறுபடும். கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை என வழங்குவதும் இதுவேயாகும். கடல் கடந்து வந்த நம் முன்னோர் இதனை மலைக்குக் கொண்டு வந்தனர். பன்றி வேட்டையின் உண்மையான நுட்பம் ஒன்று இக்கூத்தினுள் பொதிந்து கிடக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

அதனைச் சொல்லுமுன் பன்றியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சிங்கள மக்கள் வல் ஊரா என்றழைக்கும் இவ்விலங்கு, பெட்டையும் குட்டிகளுமாகக் கூட்டமாய்த் திரியும். முதிர்ந்த ஆண் தனித்துத் திரியும். ஆணின் கீழ்த்தாடைக் கொம்புகள் மேற்கொம்புகளோடு உராய்ந்து உராய்ந்து தாமே தீட்டிக்கொள்ளும். தோளிலோ கேடயம் போன்ற தடித்த தோல். கொம்பால் அது குத்துவதில்லை, கீழிருந்து மேலாகக் கிழிக்கிறது. எதிரே பாய்ந்து முகத்தைப் பற்றும் நாய்க்குக் கழுத்தும் வயிறும் கிழியும். ஆகவே பன்றியின் முன்னால் வீரம் மட்டுமே உள்ள நாய் நெடுநாள் வாழ்வதில்லை. நாய் பழக்கும் கலை முழுவதும் இந்த ஓர் உண்மையிலிருந்தே தோன்றியது.

தமிழ் மண்ணில் இக்கலை மிகப் பழையது. சங்கப் பாட்டுக்களில் எயினரும் குறவரும் நாயோடு காடு புகுகின்றனர். சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் பாடிய கண்ணப்ப நாயனார் புராணத்தில், திண்ணனாரின் கன்னி வேட்டையிலே நாய்களும் வலைகளும் வேடர் கூட்டமும் ஒருங்கே காட்டுக்குள் நுழைகின்றன. அவ்வேட்டையில் தப்பியோடியதும் ஒரு பன்றியே. அதனைத் துரத்திய மூவரில் திண்ணனாரே நெருங்கிச் சென்று வாளால் வீழ்த்தினார் என்றும், அந்த ஓட்டமே அவரைக் காளத்தி மலையருகே கொண்டு சேர்த்தது என்றும் புராணம் கூறும். நாய்கள் எங்கே பின்தங்கின என்று சிறுவயதில் நான் கேட்டதுண்டு. பதில் சொன்னாரில்லை.

பன்றியோடு போராடி மடிந்த வீரருக்குத் தமிழகத்தில் நடுகல் நாட்டியிருக்கிறார்கள். பன்றிக்குத்திப்பட்டான் கல் என்று அவற்றை வழங்குவர். நாயின் பெயரையே கல்லில் பொறித்ததும் உண்டு: திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லொன்று கள்வரைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாயை நினைவுகூர்கிறது. ஆனால் அது பன்றி வேட்டையன்று, தொறுப் பூசல். பன்றியோடு பொருத நாய்க்கென எழுந்த கல்லைக் காணவேண்டுமாயின் கன்னட நாட்டுக்குச் செல்லவேண்டும்.

மண்டியா மாவட்டத்து ஆதகூரில் இருந்து, இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் அக்கல் சோழர் வரலாற்றோடும் தொடர்புடையது. 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் முதலாம் பராந்தகனின் மைந்தன் இராசாதித்தன் யானைமேல் வீழ்ந்தான். வென்றவர் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனும் அவனோடு நின்ற கங்க மன்னன் பூதுகனும். அப்போரில் வீரங்காட்டிய மணலேரன் என்பவனை, வேண்டுவது கேள் என்றபோது, அவன் ஊரும் பொன்னும் கேட்கவில்லை. காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் கேளலை நாட்டில் ஒரு குன்றின் சாரலில் பெரும் பன்றியொன்றின் மேல் காளியை ஏவினர். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று ஒருங்கே மடிந்தன. ஆதகூர்ச் சிவன் கோயிலின் முன் கல் நாட்டி, நிலமும் விட்டார்கள். அந்நிலத்தை நுகரும் பூசகர் இக்கல்லை வழிபடாது உண்பாராயின் அந்நாயின் பாவம் அவரைச் சேரும் என்றும் எழுதி வைத்தார்கள். கல்லின் மேற்பகுதியில் இரு விலங்குகளும் பொருதும் சிற்பம் இருக்கிறது. ஒரு நாய்க்கு இதனினும் பெரிய சிறப்பு யார் செய்தார்?

இலங்கைக்கு வருவோம். மாத்தளைக்குக் கிழக்கே, மலைக்கு அப்பால், வேடர் வாழ்ந்த பிந்தனைக் காடு. 1911ஆம் ஆண்டில் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல் வேடர் வாழ்க்கையை விரிவாய்க் கூறும். நாய் அவர்களுக்குச் செல்வம். பெண்ணுக்குச் சீதனமாக நாயைக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. உடும்பைத் தேடிப்பிடிக்கும் வேலையில் அந்நாய்கள் பெரிதும் பயன்பட்டன. ஆங்கிலேயரோ தம் நாட்டு நரிவேட்டை நாய்களையே கப்பலேற்றினார்கள். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் துரை இதில் பேர்போனவர். அவர் வெளியிட்ட வேட்டை நூலில் மரையையும் பன்றியையும் நாய்கொண்டு மடக்கிக் கத்தியால் குத்திய செய்திகள் நிரம்பியுள்ளன. சீமையிலிருந்து வந்த தூய சாதி நாய்கள் இம்மலைக்கு ஒத்துவரவில்லை. மோப்பத்துக்கு ஒன்று, பற்றுவதற்கு ஒன்று எனக் கலந்த கூட்டமே வேண்டும் என்று அவர் தெளிந்தார். அவர் இழந்த நாய்களின் கணக்கும் பெரிது. பன்றியும் சிறுத்தையும் பங்கிட்டுக்கொண்டன. துரைமாருக்கு இது விளையாட்டு. லயத்தில் வாழ்ந்தவனுக்கோ அவ்வாறன்று. கொல்லையில் போட்ட மரவள்ளியும் வற்றாளையும் ஓரிரவில் கிளறப்பட்டால், சம்பளத்தோடு கூட்டிப் பார்த்திருந்த உணவு போயிற்று.

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாய் பழக்குவதில் பெயர்பெற்ற முதியவர் ஒருவரை இளமையில் அறிவேன். அவரிடம் எழுத்துக் கல்வி இல்லை. ஆயினும் குட்டிகளுக்கு அவர் கொடுத்த கல்வி, நம்மிற் சிலர் பள்ளியிற் பெற்றதைவிட ஒழுங்கானது. ஈற்றிலே கொழுத்த குட்டியை அவர் எடுக்கமாட்டார். எல்லாவற்றையும் கடித்து விரட்டும் முரட்டுக் குட்டியையும் எடுக்கமாட்டார். தகரத்தைத் தட்டினால் ஓடி, பின் தானாகத் திரும்பி வந்து அத்தகரத்தை முகர்ந்து பார்க்கும் குட்டியே அவருக்கு வேண்டும்.

முதல் ஆறு மாதம் காட்டைக் காட்டுவதில்லை. பெயர் சொன்னால் வருதல், கயிற்றுக்கு அடங்குதல், லயத்துக் கோழியையும் ஆட்டையும் ஏறெடுத்துப் பாராதிருத்தல் என்பவையே பாடம். நாக்கை மடித்து அவர் அடிக்கும் சீழ்க்கை கேட்டால், வாயிலிருக்கும் எலும்பையும் விட்டு வரவேண்டும். இதற்கு அவர் அடித்ததில்லை; வந்த குட்டிக்கு உடனே ஏதேனும் தின்னக் கொடுப்பார். அடித்துக் கூப்பிட்ட நாய் காட்டில் திரும்பி வராது என்பார். அதன் பிறகு காய்ந்த பன்றித்தோலைக் கயிற்றில் கட்டிப் புதருக்குள் இழுத்துச் சென்று மறைத்து வைப்பார். குட்டி மோப்பம் பிடித்துக் கண்டெடுக்க வேண்டும். முதலில் பத்து முழத் தூரம், பிறகு ஓடை கடந்து, பிறகு முதல்நாள் இழுத்த தடத்தில். இடையில் மான் தடத்தில் திரும்பினால் அன்றைய பாடம் முடிந்தது. கயிற்றில் கட்டி வீட்டுக்கு நடத்திவிடுவார்.

மெய்யான ஆசிரியர் தாய்நாயே. கிழநாய்கள் பன்றியை வளைத்துக் குரைக்கும்போது குட்டியைக் கயிற்றோடு தூரத்தில் பிடித்து நிற்பார். குட்டி துள்ளும், கதறும், கயிற்றைக் கடிக்கும். விடமாட்டார். மூன்று நான்கு வேட்டைகள் இப்படிப் பார்த்த பின்னரே, அதுவும் ஒரு வயது கடந்த பின்னரே, அவிழ்ப்பார். முதற்பன்றி இளம்பன்றியாக இருக்கவேண்டும். குட்டியுள்ள பெட்டையின் மேலும் ஒற்றை ஆணின் மேலும் இளநாயை ஏவுவதில்லை. பற்றுவதைக் காட்டிலும் குரைத்து நிறுத்துவதே உயர்ந்தது என்பது அவர் கொள்கை. பன்றி திரும்பும் பக்கமெல்லாம் விலகி, அது ஓட முயலும்போது பின்தொடையைக் கவ்வி, மீண்டும் விலகும் நாய் பத்து வேட்டைக்கு வரும். முகத்தில் பாயும் நாய் ஒரு வேட்டைக்கே வரும். பொன்னாச்சி சிறிய நாயாக இருந்ததன் பொருத்தம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. உருவத்தை நம்பிய நாய்கள் நேரே மோதும். சிறியது விலகி நிற்கக் கற்கும், இடம் பார்த்துக் கடிக்கும்.

எவ்வளவு பழக்கினும் காயம் தப்பாது. சாக்கு ஊசியும் நூலும் மஞ்சளும் அவர் மடியில் எப்போதும் இருக்கும். கிழிந்த நாயைத் தோளில் சுமந்து இரண்டு மைல் இறங்கி வந்ததை நானே கண்டிருக்கிறேன். அன்று கொன்ற பன்றி காட்டிலேயே கிடந்தது.

பிற்காலத்தில் ஆதகூர்க் கல்லின் கதையைப் படித்து, மிகுந்த உற்சாகத்தோடு அவரிடம் சொன்னேன். காளியின் புகழைக் கேட்டு மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். வெற்றிலையை மென்றபடி சற்று நேரம் பேசாதிருந்தார். “கல்லு நட்டது சரி தம்பி. பெரிய பன்னின்னு கண்டதும் நாயைக் கூப்பிட்டாங்களா, இல்லையா? அதைக் கல்லுல எழுதலியா?” என்றார். எழுதவில்லை என்றேன். “அப்ப நாய் மேல என்ன பாவம்?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். கல்வெட்டைப் படித்த அறிஞர் எவரும் இக்கேள்வியைக் கேட்டதாக நான் அறியேன்.

அம்முதியவர் இன்றில்லை, அவர் பழக்கிய நாய்களின் வழியும் அற்றுப்போயிற்று. நக்கிள்ஸ் மலைக்காடு 2000ஆம் ஆண்டில் பேணுகைக் காடாக அறிவிக்கப்பட்டது. அதனுள் வேட்டை குற்றமாகும், அவ்வாறிருப்பதே நன்று. ஆனால் பன்றி கொல்லைக்கு வருவது நிற்கவில்லை. நாயும் மனிதனும் காவலிருந்த இடத்தை இப்போது கம்பிச் சுருக்கும், கட்டுத்துவக்கும், தீனிக்குள் வைக்கும் ஹக்கபட்டாஸ் என்னும் வெடியும் பிடித்துக்கொண்டன. இவற்றுக்குச் சீழ்க்கை கேட்காது. யானைக் கன்றின் வாயும் அவ்வெடியில் சிதறுகிறது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணித் தோட்டப் பகுதியில் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை சில நாட்களில் மாண்டதை நாடே அறியும். அச்சுருக்கு பன்றிக்காக வைத்ததே.

சென்ற ஆண்டு அம்முதியவரின் பேரன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். வாசலில் ஒரு செவலைக் குட்டி கட்டிக் கிடந்தது. இடுப்பைச் சுற்றி மயிரற்ற வளையமாக ஒரு தழும்பு. கம்பியில் மாட்டி இரண்டு நாள் கழித்து ஊர்ந்து வந்ததாம். அவிழ்த்துவிட இப்போது பயமாக இருக்கிறது என்றார். பின்புறத்து மரவள்ளிப் பாத்தியில் முந்தின இரவு பன்றி கிளறிய மண் ஈரமாகவே இருந்தது.