தனித்து நின்ற கத்தோலிக்க சபை

சமயப் பிரிவுகள் யாவும் கோட்பாட்டு மாறுபாட்டால் விளைவன என்று கருதுவார் பலர். நம் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலைத் தொடங்கிய 1880களில், கோவாவிலும் இலங்கையிலும் எழுந்த சுயேச்சைக் கத்தோலிக்க சபையின் வரலாறு வேறொன்றை உணர்த்துகின்றது. ஆங்கு எழுந்த வழக்கு, குருவை அனுப்பும் உரிமை யாருக்கு என்பதேயாம்.

கீழை நாடுகளிற் கோயில்களைப் புரந்து, ஆயர்களை முன்மொழியும் உரிமையைப் போர்த்துகல் மன்னர் பெற்றிருந்தனர். இதனைப் ‘பதுரவாதோ’ என்பர். பின்னாளில் உரோமாபுரி தானே குருமாரை அனுப்பலாயிற்று. இரு அதிகாரங்களும் மோதின. 1886இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரும் போர்த்துகலும் ஓர் உடன்படிக்கை செய்தனர். அதன் பயனாக, தலைமுறை தலைமுறையாகக் கோவாக் குருமாரின்கீழ் இருந்த இலங்கைக் கோயில்கள் உரோமாபுரி அனுப்பிய ஐரோப்பிய ஆயர்களின் ஆட்சிக்குட்பட்டன. இம்மாற்றத்தை ஏற்க மறுத்தோர் பலர்.

அவர்க்குத் தலைமை பூண்டவர் கோவாவின் வெர்ணாவிற் பிறந்த அல்வாரிஸ் அடிகள் (1836–1923). பத்திரிகை நடத்தி, அரசையும் சபை மேலிடத்தையும் அஞ்சாது கண்டித்தவர். 1889 ஜூலை 29இல் கோட்டயத்தில் மலங்கரைச் சிரிய ஆயர்கள் அவரை ‘மார் ஜூலியஸ்’ என்னும் பெயரால் ஆயராக அபிஷேகம் செய்தனர். சிரியத் தொடர்பு பெற்றும், பழகிய இலத்தீன் வழிபாட்டை அவர் விடவில்லை. மக்கள் வேண்டியது புதிய வேதமன்று என்பதற்கு இதுவே சான்று.

1892 மே 29இல், கொழும்பு நன்மரண மாதா கோயிலில் அமெரிக்காவிலிருந்து வந்த விலாத் என்பவர் ஆயராக்கப்பட்டார். மேனாட்டுச் சுயேச்சைக் கத்தோலிக்க சபைகள் பல, தம் ஆயர் மரபை இவ்வபிஷேகத்தோடு இணைத்துக் கூறும்.

எனினும், இயக்கம் நெடுநாள் வளரவில்லை. 1895இல் கோவாவில் அல்வாரிஸ் சிறைப்படுத்தப்பட்டார். விடுதலைக்குப்பின் ஏழை எளியோர்க்கு உதவியும், காலரா நோய்க்கு மருத்துவ நூல் எழுதியும் வாழ்ந்து, 1923 செப்டம்பர் 23இல் மறைந்தார். அவர் மரபு நம் கர்நாடகத்திலேயே, உடுப்பியை அடுத்த பிரம்மாவரில் நிலைத்தது. நொரோஞா அடிகள் 1936இல் மறையும்வரை அங்கே மந்தையைக் காத்தார். அம்மக்கள் இன்று மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையினராக விளங்குகின்றனர்.

தம்மைக் கேளாது தொலைவிற் செய்யப்படும் முடிவு ஓர் ஊரை எங்ஙனம் வருத்தும் என்பதை, 2001இல் சுரங்கம் மூடக் கண்ட நம் காலனி மக்கள் நன்கறிவர். அவ்வருத்தத்திற் பிறந்த சபையின் கதையை நம் இளைஞர் அறிதல் நன்று.