பூட்டும் மூலப் பத்திரமும்: வடசென்னைக் குடும்பங்களின் உடைமைக் காப்பு குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளில் குடும்பங்கள் நகைகளையும் ஆவணங்களையும் திருடரிடமிருந்து காத்துக்கொண்ட முறைகள் காலந்தோறும் மாறியதை இக்கட்டுரை ஆராய்கிறது. களவுக்குக் காவலரே ஈடு தரும் பழைய முறை மறைந்தபின் காப்பின் சுமை வீட்டின்மேல் விழுந்தது. அதே காலத்தில் உருவான சட்டங்கள், சென்னை நகருக்குள் மூலப் பத்திரத்துக்குத் தனியானதொரு மதிப்பை அளித்தன. பதிவேட்டில் நகல் உள்ள பத்திரத்தைவிட, நகலே இல்லாத புறம்போக்குக் குடியிருப்பாளரின் சான்றுகள்தாம் இழப்புக்கு மிகுதியும் ஆளாகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச் சொற்கள்: வடசென்னை, காவல், கன்னம், மூலப் பத்திரம், ஒப்படைப்பு அடமானம், அடகு, புறம்போக்கு.

முன்னுரை

ஆவணத்தைக் காத்து வைப்பது பற்றிய தமிழ்ச் சான்றுகளுள் பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் முதன்மையானது. மணப்பந்தலுக்கு வந்த முதியவர் காட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழிக்கிறார். கிழிபட்டது படியோலையே என்றும் மூல ஓலை தம்மிடம் உள்ளதென்றும் முதியவர் கூறி, திருவெண்ணெய்நல்லூர் அவையில் அதனைக் காட்டுகிறார். அவையோர் அத்துடன் அமையவில்லை. காப்பிலிருந்த வேறோர் ஓலையை வரவழைத்துப் பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்ட பின்னரே தீர்ப்புச் சொல்கின்றனர். மூலம், நகல், பொதுக் காப்பகம் என்னும் மூன்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞருக்கு நன்கு அறிமுகமானவை என்பதை இப்பகுதி காட்டுகிறது. அதே சுந்தரர் பின்னர்த் திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சூளுரை அளித்தபோது ஓலை எதுவும் எழுதப்படவில்லை என்பதும் நினைக்கத்தக்கது.

திருவொற்றியூர்க் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகள் நிலம், பொன் ஆகியவற்றின் கொடைகளைப் பதிந்துள்ளன. கல்லில் வெட்டிய ஆவணத்தைத் திருடிச் செல்ல இயலாது. ஆனால் இவ்வசதி கோயிலுக்கும் அதனைச் சார்ந்தோருக்கும் வாய்த்தது. தனிக் குடும்பத்துக்கு எஞ்சியது ஓலைக் கட்டும் பானையும் பெட்டியுமே. அந்தப் பெட்டியை யார் காத்தனர், அது களவு போனபோது இழப்பை யார் ஏற்றனர் என்பதே இங்கு எழும் வினா.

காவலும் ஈடும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்கக்காலச் சென்னையில் காவல் பொறுப்பு பெத்த நாயக்கர் என்னும் பதவிக்குரியவரிடம் பரம்பரையாக இருந்தது. பெத்தநாயக்கன்பேட்டை என்னும் பெயர் அதன் எச்சம். அவர் ஆட்களை வைத்து இரவுக் காவல் புரிந்தார். அதற்கு ஈடாக நிலமும், நகருக்குள் வரும் பண்டங்களின்மீது சிறு வரியும் பெற்றார். களவு போன பொருளை மீட்டுத்தர இயலாவிடில் அதன் மதிப்பை அவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது இவ்வேற்பாட்டின் முக்கியக் கூறாகும். ஊர்ப்புறத்தில் தலையாரியும் காவல்காரரும் அறுவடையில் மேரை பெற்று ஏறத்தாழ இதே கடமையை ஆற்றினர். 1708-இல் கம்பெனி பெற்ற ஐந்து ஊர்களுள் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் அடங்கும். எனவே இன்றைய வடசென்னைத் தொழிற்பகுதியின் பெரும்பங்கு இத்தகைய காவல் மரபுகளின் எல்லைக்குள் இருந்தது.

இம்முறையை மிகைப்படப் புகழ்தல் பொருந்தாது. காவல் உரிமை பெற்றோரே களவுக்கு உடந்தையாக இருந்தனர் என்ற குற்றச்சாட்டு கம்பெனி அதிகாரிகளிடம் தொடர்ந்து இருந்தது. அவர்கள் காவல் உரிமைகளை ஒழிக்க அதையே காரணமாகவும் காட்டினர். எனினும் ஒன்றை மறுக்க முடியாது. களவுக்கு ஆளானவர் இழப்பைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு முகவரி இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அம்முகவரி மறைந்தது. 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை ஊர்க்காவலைக் கிராமத் தலைவரிடம் ஒப்படைத்தது. 1859-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டக் காவல்துறையை அமைத்தது. சென்னை நகருக்கோ 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் தனியே வந்தது. புதிய காவல்துறை திருடனைப் பிடிக்கக் கடமைப்பட்டது. இழப்பை ஈடுசெய்யக் கடமைப்படவில்லை. அதுமுதல் பூட்டு ஒவ்வொரு வீட்டாரின் தனிச் செலவாயிற்று.

கன்னக்கோலும் பெட்டியும்

கன்னம் வைத்தல் என்னும் தொடர் சுவரில் துளையிட்டு நுழைதலைக் குறிக்கும். இரவில் உளியும் நூலேணியும் கொண்டு திரியும் கள்வரை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. மண்சுவர் வீட்டுக்குக் கதவுப் பூட்டு பெரும் பாதுகாப்பன்று; சுவரே நுழைவாயிலாகிவிடும். பனையோலைக் குடிசைக்குக் கன்னமும் தேவையில்லை. ஆகவே பொருளைப் பூட்டுவதைக் காட்டிலும் ஒளிப்பதே வழக்கமாயிற்று. அரிசிப் பானையின் அடி, பரண், சுவர் மாடம், அடுப்பங்கரைத் தரை ஆகியவை அதற்கு உதவின. செங்கல் சுவரும் சுண்ணாம்புத் தளமும் கொண்ட இராயபுரம் வீடுகளில்தான் இரும்புப் பெட்டிக்குப் பொருள் இருந்தது. கடற்கரைக் குடியிருப்புகளிலோ உப்புக்காற்று பூட்டையும் தகரப்பெட்டியையும் அரித்துவிடும். கரையான், ஈரம், துரு ஆகியன திருடனைவிடப் பொறுமையான பகைகள்.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வீடு உடைத்து நுழைதலை விரிவாக வரையறுத்தது; தானே உண்டாக்கிய வழியில் நுழைவதும், பூட்டைத் திறப்பதும் அதில் அடங்கும். வீட்டுக்குள் திருடுதலுக்கு அச்சட்டம் விதித்த உச்சத் தண்டனை ஏழாண்டுச் சிறை. ஆனால் உயிலையோ உரிமை தரும் மதிப்புறு ஆவணத்தையோ வஞ்சகமாக அழித்தல் அல்லது மறைத்தலுக்கு 477-ஆம் பிரிவு ஆயுள் தண்டனை வரை விதித்தது. பொற்சங்கிலியைவிடத் தாள் கனமானது என்று அச்சட்டத்தை வகுத்தோர் கருதினர் போலும். அக்கருத்து சென்னையில் எவ்வளவு பொருந்தும் என்பதை அடுத்த பகுதி விளக்கும்.

நகர எல்லையும் மூலப் பத்திரமும்

இந்தியாவில் பத்திரப்பதிவுக்கான பொதுச்சட்டம் முதன்முதலில் 1864-இல் இயற்றப்பட்டது. இன்று நடைமுறையிலுள்ளது 1908-ஆம் ஆண்டின் சட்டம். அசையாச் சொத்து ஆவணங்கள் முதலாம் புத்தகத்தில் படியெடுக்கப்படுகின்றன. அதன் சான்றிட்ட நகலை எவரும் கட்டணம் செலுத்திப் பெறலாம். முத்திரையிட்ட உறையில் உயிலை மாவட்டப் பதிவாளரிடம் வைப்பாக ஒப்படைக்கவும் வழியுண்டு. அதனைத் தீப்பிடிக்காத பெட்டியில் வைத்துக் காக்க வேண்டுமென 43-ஆம் பிரிவு கூறுகிறது. இவ்வாறு பார்த்தால், பதிவுபெற்ற கிரயப் பத்திரம் திருடப்படுவதால் உரிமை அழிவதில்லை. திருவெண்ணெய்நல்லூர் அவையின் காப்போலைக்கு நிகரான ஒன்று அரசிடம் உள்ளது.

ஆயினும் சென்னை நகரில் நிலைமை வேறாக இருந்தது. பத்திரத்தைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைப்பதாலேயே அடமானம் ஏற்படும் என்னும் ஆங்கிலேய நியதி இங்கு வேரூன்றியிருந்தது. சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 1862-இல் பிரிவிக் கவுன்சில் இதனை ஏற்றது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் முதலிய சில நகரங்களுக்கு மட்டும் இவ்வழக்கத்தை விட்டுவைத்தது. 1929-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இது 58-ஆம் பிரிவின் (எஃப்) உட்பிரிவாயிற்று. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமோ பதிவோ இதற்குத் தேவையில்லை. மேலும், இவ்வாறு ஏற்பட்ட அடமானம் அதே சொத்தின்மீது பின்னர் எழுதிப் பதியப்படும் அடமானத்துக்கு முற்பட்டதாகவே செல்லும் என்று பதிவுச் சட்டத்தின் 48-ஆம் பிரிவிலும் சேர்க்கப்பட்டது.

இதன் விளைவை வடசென்னையின் நிலவியலோடு பொருத்திக் காண வேண்டும். இராயபுரமும் தண்டையார்ப்பேட்டையும் நகர எல்லைக்குள் இருந்தன. திருவொற்றியூரும் எண்ணூரும் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தன. ஒரே நெடுஞ்சாலையின் இருபுறமும் காவல் சட்டம் வேறு, அடமானச் சட்டம் வேறு. திருவொற்றியூரில் ஒருவர் தம் பத்திரத்தை அண்டை வீட்டாரிடம் கொடுத்துக் கடன் பெற்றால் அது சட்டப்படி அடமானமாகாது. அதே பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு ஜார்ஜ் டவுனுக்குச் சென்று ஒப்படைத்தால் அது செல்லும். ஏனெனில் ஒப்படைப்பு நகருக்குள் நிகழ்ந்தால் போதும். சொத்து எங்கிருப்பினும் தடையில்லை.

ஆகவே வில்லங்கச் சான்றில் தோன்றாத ஒரு கடன் எப்போதும் இருக்கக்கூடும் என்ற ஐயம் சென்னைச் சொத்துக்களோடு ஒட்டிக்கொண்டது. அவ்வையத்தைத் தீர்க்க வாங்குபவரும் கடன் கொடுப்பவரும் கேட்ட ஒரே சான்று மூலப் பத்திரம். பெட்டியில் அது இல்லையெனில், திருடு போயிற்றா அடமானம் போயிற்றா என்ற வினாவுக்கு உரிமையாளரே விடை சொல்ல வேண்டும். உரிமையற்றவர் வைத்த அடமானம் செல்லாது என்பது உண்மையே. அதனை நீதிமன்றத்தில் நிறுவ ஆகும் செலவும் காலமும் உரிமையாளருடையவை. பத்திரத்தின் பயனை அறிந்தவர் பெரும்பாலும் குடும்பத்தை அறிந்தவராகவே இருப்பார் என்பதால், ஆவணக் களவில் அயலாரைக் காட்டிலும் உறவினர்மீதே அச்சம் மிகுந்தது. கன்னக்கோலுக்கு எதிராகச் செய்யப்பட்ட இரும்புப் பெட்டி, சாவி இருக்குமிடம் தெரிந்தவருக்கு எதிராக என்ன செய்யும்?

மூலத்தின்மீதான இப்பிடிப்பு நம் காலத்திலும் தளரவில்லை. 2022-இல் தமிழ்நாடு பதிவு விதிகளில் சேர்க்கப்பட்ட 55-ஏ விதி, முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டினாலன்றிப் புதிய ஆவணத்தைப் பதிய இயலாதென்றது. தொலைந்திருப்பின், கண்டறிய இயலவில்லை என்ற காவல்துறைச் சான்றும் நாளிதழ் அறிவிப்பும் வேண்டப்பட்டன. அவ்விதியின் முதற்பகுதி பதிவுச் சட்டத்துக்கு முரணானது என 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடகுக் கடை என்னும் காப்பறை

1856-இல் இராயபுரம் இரயில் நிலையமும், பின்னர்த் துறைமுகமும், 20-ஆம் நூற்றாண்டில் விம்கோ, அசோக் லேலண்ட், என்ஃபீல்டு முதலிய ஆலைகளும் இப்பகுதியைக் கூலிவேலையின் களமாக்கின. முறைவேலைக்குச் செல்வோரின் வீடுகள் பகலிலும் இரவிலும் மாறிமாறி ஆளற்றுக் கிடந்தன. மீனவர் வீடுகளில் ஆண்கள் விடியலுக்கு முன்பே கடலில் இருப்பர். இத்தகைய வீட்டில் நகையை வைத்திருப்பதைவிட அடகில் வைத்திருப்பது பாதுகாப்பானது என்னும் எண்ணம் வியப்புக்குரியதன்று. அடகு வறுமையின் அடையாளமாகவே ஆய்வுகளில் பேசப்படுகிறது. அதனோடு, வட்டி ஒரு வகையில் காவற்கூலியாகவும் அமைந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1943-ஆம் ஆண்டின் அடகுபிடிப்போர் சட்டம் உரிமம், கணக்கேடு, அடகுச் சீட்டு ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. அதன்பின் காக்க வேண்டியது நகையன்று, சீட்டு. பெட்டியில் பொன் இருந்த இடத்தில் மீண்டும் ஒரு தாள் வந்து சேர்ந்தது. வங்கிப் பெட்டகம் வசதியுள்ளோருக்கு மாற்றாயிற்று. அங்கும் களவு, தீ முதலியவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு என்பதே 2021-இல் ரிசர்வ் வங்கி வகுத்த அளவு.

பூட்டிவிட்டுச் சென்ற வீடுகள்

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபின் நகரமக்கள் பெருந்திரளாக வெளியேறினர். 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலைத் தாக்குதல்களை அடுத்து, இன்றியமையாப் பணியில் இல்லாதோர் சென்னையை விட்டு நீங்குமாறு அரசே அறிவுறுத்தியது. துறைமுகத்தை ஒட்டிய இராயபுரத்துக்கு இவ்விரண்டும் நேரடியாக உறைத்தவை. நகையை அணிந்தோ முடிந்தோ கொண்டுபோகலாம். பத்திரக் கட்டையும் கொண்டுபோகலாம். இரும்புப் பெட்டியைக் கொண்டுபோக முடியாது. எளிதில் அசையாதது என்பதே பெட்டியின் சிறப்பு. வெளியேறும் நாளில் அதுவே அதன் குறை.

பதிவேட்டில் இல்லாத ஆவணங்கள்

இதுவரை கூறியவை பத்திரம் உடையோர் பற்றியவை. கடற்கரையிலும் கால்வாய்க் கரையிலும் இரயில்பாதை ஓரத்திலும் புறம்போக்கில் வாழ்ந்தோரின் பெட்டியில் கிரயப் பத்திரம் இராது. குடும்ப அட்டை, மின்கட்டண இரசீது, வரி இரசீது, பள்ளிச் சான்று, 1970-இல் அமைந்த குடிசை மாற்று வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணை, தவணை கட்டிய சீட்டுகள் ஆகியவையே இருக்கும். இவற்றுள் எதுவும் தனித்து உரிமை தருவதன்று. அனைத்தும் சேர்ந்தே ஒரு குடும்பம் இன்ன இடத்தில் இத்தனை ஆண்டு வாழ்ந்தது என்பதை மெய்ப்பிக்கும். மறுகுடியமர்வுக்கான கணக்கெடுப்பில் கேட்கப்படுவதும் அதுவே.

திருடனுக்கு இக்கட்டில் பயன் எதுவுமில்லை. ஆனால் அவன் தகரப்பெட்டியைத் தூக்கிச் சென்று நகையை எடுத்துக்கொண்டு மற்றதை எறியும்போது அக்கட்டும் அழிகிறது. கிரயப் பத்திரத்துக்கு முதலாம் புத்தகத்தில் படி உண்டு. முப்பதாண்டு இரசீதுக் கட்டுக்கு எந்த அலுவலகத்திலும் ஒருசேரப் படி இல்லை. குடிசையின் பெட்டியே அதன் ஒரே ஆவணக் காப்பகம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை காசிமேடு முதல் எண்ணூர் வரையிலான கரையில் இதே இழப்பை ஒரே காலையில் நிகழ்த்தியது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் தமிழக அரசு சிறப்பு முகாம்கள் நடத்திப் பட்டா, குடும்ப அட்டை, கல்விச் சான்று முதலியவற்றின் நகல்களை வழங்கியது. வெள்ளத்துக்கென அமைந்த இவ்வேற்பாடு களவுக்கு இல்லை. பெட்டி திருடு போன குடும்பம் காவல் நிலையத்தில் முறையிட்டு, ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வோர் அலுவலகமாகச் செல்ல வேண்டும். ஆண்டு பல கடந்த மின்கட்டண இரசீதுக்கும் தவணைச் சீட்டுக்கும் நகல் கேட்கும் விண்ணப்பத்தில், அவற்றின் எண்களைக் குறிப்பிடுமாறு கேட்கப்படும்; அவ்வெண்களும் பெட்டியோடு போனவையே.